மல்லிக்குப் பழகிய கையும் மெல்பர்ன் லாவெண்டரும்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உங்களைப் பார்த்து இல்லை, 2007இல் இருந்த என்னை நினைத்து. நீங்கள் மதுரையிலிருந்து வந்து ஐந்து மாதம், மெல்பர்னுக்கு மேற்கே டார்னீட்டில் வாடகை வீடு. வாசலில் மணக்கிற செடி ஒன்று வேண்டும், ஆனால் தண்ணீர் பில் ஏறக் கூடாது. எல்லாரும் சொன்னார்களே என்று லாவெண்டர் வாங்கி வைத்தீர்கள், தினமும் தவறாமல் தண்ணீர் விட்டீர்கள், ஆறு வாரத்தில் செடி போய்விட்டது. வெயில் தாங்கவில்லையா, இல்லை அடுத்த முறை ஊரிலிருந்து மல்லிப் பதியன் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

பதியனை முதலில் முடித்துவிடுகிறேன். கொண்டுவராதீர்கள். செடி, விதை, வேரில் ஒட்டிய மண் எதுவானாலும் விமானத்தில் தரும் அட்டையில் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் பெரும்பாலும் பறித்துக்கொள்வார்கள், சொல்லாமல் மாட்டினால் பெரிய அபராதம். சில விசாக்களை விமான நிலையத்திலேயே ரத்து செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு முழம் பூவுக்காக அந்த வம்பு வேண்டாம். மல்லி இங்கேயே நர்சரிகளில் கிடைக்கிறது. ‘அரேபியன் ஜாஸ்மின்’ என்று கேளுங்கள். ‘கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி’ என்று விற்பது நம் அடுக்குமல்லி ஜாதி. ஆனால் இந்தக் குளிரில் அது ஏப்ரலிலிருந்தே முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பனி விழுந்தால் கருகும். அதற்குப் பாடுபடுவது தனிக் கதை. இப்போதைக்கு லாவெண்டர்.

உங்கள் செடியைக் கொன்றது வெயில் இல்லை. நீங்கள் விட்ட தண்ணீர்தான்.

எனக்கும் இதேதான் நடந்தது. நாங்கள் வந்தபோது மெல்பர்னில் கடும் வறட்சி, 1997இல் ஆரம்பித்து 2009 வரை இழுத்த வறட்சி அது. வாரத்தில் இரண்டு நாள்தான் செடிக்குத் தண்ணீர் விடலாம், புல்தரைக்கு விடவே கூடாது. ஷவரில் வெந்நீர் வரும்வரை ஓடும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. நானும் பிடித்தேன், அதோடு அரிசி களைந்த தண்ணீரையும் கொண்டுபோய் ஊற்றினேன். ஊரில் மல்லிக்குச் செய்வதுபோலச் செடியைச் சுற்றிப் பாத்தி கட்டி, மூட்டையில் விற்கும் மாட்டுச் சாணத்தையும் வாங்கிப் போட்டேன். ஆகஸ்ட் மாதம் செடி தொங்கியது. தொங்குகிறதே, தாகமாக இருக்கும் என்று இன்னும் ஊற்றினேன். பக்கத்து வீட்டு மால்டா நாட்டுத் தாத்தா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, ஒரே இழுப்பில் செடியைப் பிடுங்கி என் மூக்கருகே நீட்டினார். வேர் கறுத்துக் கொழகொழவென்று அழுகியிருந்தது. சாக்கடை நாற்றம். வேர் அழுகினாலும் செடியால் தண்ணீர் உறிஞ்ச முடியாது, அதனால் காய்ந்த செடி மாதிரியே தொங்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று செடி செலவானது.

நான் கோவில்பட்டிப் பக்கம். அதனால் இங்கத்திய மண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். டார்னீட், வெர்ரிபீ, மெல்டன் எல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மேல் இருக்கும் சமவெளி. அந்தப் பாறை சிதைந்து வந்த களிமண்தான் உங்கள் வாசலில் இருப்பது. கோடையில் விரல் நுழையும் அளவு வெடிக்கும், மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும். நம் கரிசலுக்குக் கிட்டத்தட்ட அக்கா தங்கை. மேற்குப் பகுதியில் மழை நகரத்தை விடக் குறைவுதான், ஆனால் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் விழும் தண்ணீரை இழுக்க வெயில் கிடையாது. களிமண்ணுக்குள் வாரக்கணக்கில் நிற்கும். லாவெண்டரோ மத்தியதரைக் கடல் ஓரத்து மலைச்சரிவுச் செடி, சுண்ணாம்புக் கல்லும் சரளையுமாகக் கிடக்கும் இடத்தில் பிறந்தது. அங்கும் குளிர்காலத்தில் மழை உண்டு, ஆனால் விழுந்த தண்ணீர் ஓடிவிடும். இங்கே நாற்பது டிகிரியில் பிழைத்து நிற்கும் செடி ஜூலை மாதச் சேற்றில் செத்துப்போவது அதனால்தான்.

2009 பிப்ரவரி 7ஆம் தேதி மெல்பர்னில் 46.4 டிகிரி அடித்தது. காட்டுத்தீயில் அத்தனை பேர் மாண்ட நாள். மறுநாள் காலை எங்கள் தெருவில் இலை கருகாத செடியைத் தேட வேண்டியிருந்தது. தாத்தா வீட்டு டிரைவ்வே ஓரத்து லாவெண்டர் வரிசை மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி சாம்பல் நிறத்தில் நின்றது. அன்றிலிருந்துதான் எனக்கு அந்தச் செடி மேல் மரியாதை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். வாடகை வீடு என்பதால் தரையைத் தோண்டாதீர்கள், தோண்டுவதானால் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தனி மீட்டர் இருக்கும் வீட்டில் நீங்கள் செலவழிக்கும் தண்ணீருக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். தொட்டியில் வைத்தால் வீடு மாறும்போது கூடவே வரும். பிளாஸ்டிக் வேண்டாம், சுட்ட மண்தொட்டியாக வாங்குங்கள், ஓர் அடி அகலம் போதும். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், கீழே தட்டு வைக்காதீர்கள். தொட்டிக்கென்று மூட்டையில் விற்கும் மண்கலவையைப் ‘பாட்டிங் மிக்ஸ்’ என்பார்கள். அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு பெருமணலோ, பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் கல்லோ கலக்க வேண்டும். சாணமும் வேண்டாம், உரமும் வேண்டாம். சத்து கூடினால் தழைதான் மண்டும், மணம் வராது. பாட்டிங் மிக்ஸ் மூட்டையைத் திறக்கும்போது மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். மூட்டையிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். அதில் லீஜனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும், தூசியோடு மூச்சில் போனால் நிமோனியா வரை கொண்டுபோய் விடும். நம் ஆட்கள் முகத்தை நேராக மூட்டைக்குள் விட்டுப் பார்ப்பார்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

எங்கே வைப்பது? இதில்தான் ஊர்க் கணக்கு தலைகீழாகிறது. கோவில்பட்டியில் வருஷத்தில் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து போகும். மெல்பர்னில் வருஷம் முழுவதும் நடுப்பகல் சூரியன் வடக்கே. அதுவும் ஜூன் மாதத்தில் அடிவானத்திலிருந்து முப்பது பாகைகூட ஏறாது. அதனால் வீட்டின் தெற்குச் சுவர் ஓரம் குளிர்காலம் முழுக்க நிழல், ஈரம், பாசி. செடியை வடக்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ வையுங்கள், கான்கிரீட் ஓரமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆறு மணி நேர வெயில் வேண்டும். உங்கள் வாசல் தெற்குப் பார்த்தது என்றால் வாசல் ஆசையை விட்டுவிட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு திருத்தம். ‘வறட்சி தாங்கும்’ என்று லேபிளில் போட்டிருப்பது தரையில் நட்டு, ஒரு கோடை தாண்டி, வேர் ஆழம் போன செடிக்கு. தொட்டிச் செடிக்கு அது பொருந்தாது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் சும்மா இருங்கள். கோடையில் வாரம் இரண்டு மூன்று முறை, நாற்பது டிகிரி நாள் என்றால் காலையிலேயே ஒரு முறை. மே முதல் ஆகஸ்ட் வரை மழை படும் இடத்தில் இருந்தால் வாளியைத் தொடவே வேண்டாம். எனக்கு இன்றும் கை அரிக்கத்தான் செய்யும். அரித்தால் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு வந்துவிடுவேன்.

பின்னால் சொந்த வீடு வாங்கித் தரையில் வைப்பதானால், களிமண்ணை இளக்க ஜிப்சம் கலந்து, ஓர் அடி உயரம் மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். பாத்தி என்பதற்கு நேர் எதிர் வேலை. மூடாக்குக்கு மரத்தூள் போடாமல் சரளை போடுங்கள்.

கடையில் மூன்று நான்கு வகை இருக்கும். மணத்துக்கும் காயவைக்கவும் ‘இங்கிலீஷ் லாவெண்டர்’. பெயர்தான் இங்கிலீஷ், பிறப்பு தெற்கு ஐரோப்பிய மலை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பூக்கும். இலை ஓரம் ரம்பப் பல் மாதிரி இருப்பதை இங்கே ‘பிரெஞ்சு’ என்பார்கள். மணம் கொஞ்சம் கற்பூர வாடை, ஆனால் ஏறக்குறைய வருஷம் பூராவும் பூக்கும், தப்பையும் பொறுத்துக்கொள்ளும். முதல் செடியாக அதையே சொல்வேன். பூவின் உச்சியில் முயல் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வகையும் கண்ணில் படும். அந்த இனத்தின் காட்டு வகை நம் விக்டோரியா மாநிலத்தில் களைச்செடிப் பட்டியலில் இருக்கிறது. பார்க்க அழகு, நான் வாங்குவதில்லை.

மணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஏமாந்துபோவீர்கள். மல்லி மாதிரி சாயங்காலம் மொட்டு விரிந்து வீடு முழுக்கப் பரவும் வாசனை இது இல்லை. லாவெண்டர் துளசி குடும்பம். தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், துளசித் தண்டு போலவே நான்கு பட்டை தெரியும். துளசியைக் கசக்கினால்தான் மணப்பதுபோல இதையும் தொட வேண்டும், உரச வேண்டும், வெயில் ஏற வேண்டும். எண்ணெய் பெரும்பாலும் பூவைத் தாங்கும் சின்னப் புல்லியில் இருக்கிறது. மல்லி அன்றன்றைக்குச் செலவழித்துவிடும், இது சேர்த்து வைக்கும். பாதிப் பூ விரிந்ததும் தண்டோடு அறுத்து, ரப்பர் பேண்ட் போட்டு நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். உதிர்த்துத் துணியில் கட்டிப் பட்டுப்புடவை நடுவில் வைத்தால் அடுத்த பொங்கலுக்கு எடுக்கும்போதும் மணக்கும். நடைபாதை ஓரம் வைக்கச் சொல்வதும் இதற்குத்தான், போகிற வருகிற ஆள் புடவையோ பேன்ட்டோ உரசும். தேனீ வரும், பயப்படாதீர்கள். வயிற்றில் நீல வரி போட்ட உள்ளூர்த் தேனீயும் கோடையில் வரும், என் மகன் அதற்காகவே உட்கார்ந்திருப்பான்.

தலையில் வைக்க முடியுமா என்று கேட்கப் போகிறீர்கள். வாழைநாரில் மரிக்கொழுந்தோடு சேர்த்துக் கட்டுவது மாதிரி ரோஜாவுக்கு நடுவே கட்டிப் பார்த்திருக்கிறேன். தண்டு விறைப்பு, கழுத்தில் குத்தும். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ‘துடைப்பமா’ என்றார். விட்டுவிட்டேன்.

பூத்து முடிந்ததும் கவாத்து கட்டாயம். மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள், இலை இருக்கும் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. ரோஜா நினைப்பில் ஒட்ட வெட்டி நான் இழந்த செடியும் ஒன்று உண்டு. ஒழுங்காக வெட்டினாலும் எட்டுப் பத்து வருஷத்தில் கட்டை தட்டிப் பிளந்துவிடும், அதற்குள் போத்து போட்டு அடுத்ததைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

போத்துக்குப் பிப்ரவரி, மார்ச் தோது. பூ வைக்காத கிளையில் நான்கு விரல் நீளம், கீழ் இலைகளை உருவிவிட்டு மணல் கலந்த மண்ணில் செருகி நிழலில் வைத்தால் ஐந்தாறு வாரத்தில் வேர் பிடிக்கும். என்னிடம் இருப்பதெல்லாம் அந்தத் தாத்தா கொடுத்த நாலு குச்சியிலிருந்து வந்ததுதான். மார்ச்சில் கவாத்து செய்வேன், உங்களுக்குப் பத்துக் குச்சி எடுத்து வைக்கிறேன். அதில் ஏழு குச்சியாவது பிடிக்கும். தயிர் டப்பா இருந்தால் அடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவாருங்கள், என் வீட்டு டப்பாவெல்லாம் சாம்பார் பொடியில் போய்விட்டது.