லேன் மாறலாமா, இருக்கலாமா? கேள்வி பதில்

விரைவுச்சாலையில் லேன் மாறும்போது மனசுக்குள் ஏதாவது கணக்கு ஓடுகிறதா சார்? எனக்கு எல்லாம் சட்டென்று நடக்கிற மாதிரி இருக்கிறது.

ஓடுகிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. 1986-ல் கிப்ஸ் என்ற ஆய்வாளர் இதை மூன்று கேள்விகளாக எழுதினார்: மாற முடியுமா, மாறியே ஆக வேண்டுமா, மாறினால் லாபம் உண்டா. எக்ஸிட் நெருங்கினால் இரண்டாவது கேள்வி முந்திக்கொள்ளும். முன்னால் லாரி ஊர்ந்தால் மூன்றாவது. முதல் கேள்விக்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது.

பின்னால் 50 மீட்டர் காலி இருந்தால் போதுமா?

மீட்டரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் 90-ல் போகிறீர்கள், பக்கத்து லேனில் பின்னால் வருபவரும் 90 என்றால் அந்த 50 மீட்டர் இரண்டு நொடி இடைவெளி, தாராளமாக மாறலாம். அவர் 120-ல் வந்தால்? நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் நெருங்குகிறார். லேன் மாற சுமார் 5 நொடி ஆகும். நீங்கள் உள்ளே நுழைந்து முடிக்கும்போது அவர் உங்கள் பம்பருக்கு 8 மீட்டர் பின்னால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பார்.

அதனால் கண்ணாடியை ஒரு தடவை பார்ப்பது பார்ப்பதே இல்லை. ஒரு நொடி விட்டு மறுபடி பாருங்கள். வண்டி பெரிதாகியிருந்தால் அவரைப் போக விடுங்கள். பக்கக் கண்ணாடி குவி ஆடியாக இருந்தால் வண்டி இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகக் காட்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இண்டிகேட்டரை எப்போது போடுவது?

ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால். பாதி மாறிய பிறகு போடுவது அறிவிப்பு இல்லை, மன்னிப்புக் கடிதம்.

நான் எந்த லேனுக்குப் போனாலும் பக்கத்து லேன்தான் வேகமாகப் போகிறது. ராசியா அண்ணா?

ராசி எல்லாம் இல்லை தம்பி. 1999-ல் நேச்சர் இதழில் ரெடல்மயரும் திப்ஷிரானியும் இதையே ஆராய்ந்து எழுதினார்கள். பக்கத்து லேன் திணறும்போது வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். அவற்றை நீங்கள் சில நொடிகளில் தாண்டிவிடுவீர்கள். அந்த லேன் ஓடும்போது வண்டிகள் விலகி விலகி வரும். அவை உங்களைத் தாண்டி முடிக்க நெடுநேரம் ஆகும். ஆக, சராசரி வேகம் ஒன்றாகவே இருந்தாலும் தாண்டப்படுகிற நேரம்தான் அதிகம். போதாக்குறைக்கு, நீங்கள் தாண்டியவர் பின்னால் மறைந்துவிடுகிறார், உங்களைத் தாண்டியவர் கண்ணெதிரிலேயே போய்க்கொண்டிருக்கிறார்.

போக்குவரத்தைக் கணினியில் போலச் செய்பவர்கள் ஓட்டுநரின் சுயநலத்தையும் கணக்கில் எடுப்பார்களா?

நல்ல கேள்வி. 2007-ல் கெஸ்டிங், ட்ரைபர், ஹெல்பிங் மூவரும் வெளியிட்ட ‘மோபில்’ என்ற லேன் மாறும் கணக்கில், பிறருக்கு விட்டுக்கொடுக்கும் பண்புக்கென்றே ஓர் எண் உண்டு. அது 0 என்றால் தன் லாபம் மட்டும். 1 என்றால் பின்னால் வருபவரின் நஷ்டமும் தன் லாபத்துக்குச் சமம். ஆனால் பின்னால் வருபவர் பலமாக பிரேக் அடிக்க வேண்டிவந்தால், எண் எதுவானாலும் மாறக் கூடாது.

எக்ஸிட்டுக்கு 200 மீட்டர்தான் இருக்கிறது, நான் இரண்டு லேன் தள்ளி இருக்கிறேன். என்ன செய்ய?

100 கி.மீ. வேகத்தில் அது 7 நொடி. அடுத்த எக்ஸிட்டில் இறங்குங்கள்.