பட்டுப்பூச்சியும் நீலத் திமிங்கலமும்

கேள்வி: பட்டுப்பூச்சியையும் நீலத் திமிங்கலத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார் என் மகளின் ஆசிரியர். மலைக்கும் மடுவுக்கும் என்ன ஒப்பீடு? புழு வளர்க்கும் எனக்கே சிரிப்பு வருகிறது.
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: புழு வளர்க்கிற நீங்கள் சிரிக்கலாமா? முட்டையிலிருந்து வரும்போது அரை மில்லிகிராம் அளவே இருக்கிற புழு, 25 நாள் போல மல்பெரி தழை தின்று, நான்கு முறை தோலுரித்து, கூடு கட்டப் போகும்போது நாலைந்து கிராம் ஆகிவிடுகிறது. ஏறக்குறைய 10,000 மடங்கு. உங்களுக்கு இளம்புழு மையத்திலிருந்து இரண்டு தோலுரிப்பு முடிந்து வருவதால் அந்த முதல் வேகம் கண்ணில் படுவதில்லை. நீலத் திமிங்கலக் குட்டியோ பிறக்கும்போதே இரண்டரை டன். பால் குடித்தே நாளுக்கு 90 கிலோ வரை ஏறுகிறது, ஆனால் முழுதாக வளர்ந்து 150 டன் ஆனாலும் பிறந்த எடையைப் போல 60 மடங்குதான். உங்கள் புழு மாதிரி வளர்ந்தால் அது 25,000 டன் ஆக வேண்டும்!

திமிங்கலத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கருமுட்டையிலிருந்து கணக்கெடுத்தால், ஓராண்டுக்குள் தாய் வயிற்றில் இரண்டரை டன் ஆகிற அந்த வளர்ச்சிக்கு முன் எந்தப் புழுவும் நிற்காது. எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறுகிறது, பிள்ளைகள் யோசிக்க இதைவிட நல்ல கணக்கு கிடைக்குமா?

அப்புறம், கூட்டை விட்டு வெளிவரும் பூச்சி எதுவும் தின்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்ததை வைத்தே கூடி, நானூறு ஐந்நூறு முட்டை இட்டு, ஒரு வாரம் போல இருந்து சாகிறது. தாய்த் திமிங்கலமும் முன்பு தின்று சேர்த்த கொழுப்பைத்தான் பெரிதும் பாலாக்கிக் குட்டிக்குக் கொடுக்கிறது.

இரண்டையும் நாம் படுத்திய பாடும் ஒப்பிடத் தக்கதுதான். எண்ணெய்க்காக 20ஆம் நூற்றாண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைக் கொன்றார்கள். 1966இல்தான் தடை வந்தது. நூலுக்காக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்த்த பட்டுப்பூச்சிக்கு இன்று பறக்கவே வராது, ஆள் இல்லாமல் காட்டில் பிழைக்கவும் வராது.

ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த முறை இளம்புழு வந்ததும் நூறு புழுவை எண்ணி எடைபோட்டு, கூடு கட்டும் வரை தினமும் குறித்துவைக்க மகளிடம் சொல்லுங்கள், தராசு நீங்கள் பிடியுங்கள்.