முரட்டு ஆட்டமும் வெண்டல் கிளார்க்கும் – கடிதம்

அன்பின் அண்ணா,

எங்கள் ஐஸ் ஹொக்கி அணி ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் 1991இல் கனடாவுக்கு வந்தவன். ஐஸ் ஹொக்கி என்றாலே என் மனதில் நிற்பது ஒரே காட்சிதான். 1993 பிளேஓஃபில், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளில், லொஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணியின் மக்சோர்லி எங்கள் டக் கில்மோரை இடித்து விழுத்தியதும், வெண்டல் கிளார்க் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து அவரை வெளுத்தாரே, அது. அன்றைக்குத்தான் நான் லீஃப்ஸ் ரசிகன் ஆனேன். இப்போதைய பிளேஓஃப் சலிப்பாக இருக்கிறது. சண்டையும் இல்லை, சூடும் இல்லை. ஆட்களும் பஞ்சு மாதிரி. அதே தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பெனல்டி கொடுக்காமல் விட்ட ரெஃப்ரி கெரி ஃப்ரேசரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என் மகளுக்கு அந்தச் சண்டையைக் காட்டினால், "இது காட்டுமிராண்டித்தனம்" என்று எழுந்து போகிறாள். நாங்கள் ரசித்தது பிழையா?

ச., மார்க்கம்

அன்பின் ச.,

பிழையில்லை. அந்தச் சண்டை எனக்கும் நினைவிருக்கிறது. மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் நடந்த அரையிறுதித் தொடரின் முதல் ஆட்டம், லீஃப்ஸின் வெற்றி உறுதியாகிவிட்ட நேரம். மக்சோர்லியின் வேலையே கிங்ஸின் நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கிக்குக் காவல் நிற்பதுதான். 1988இல் கிரெட்ஸ்கியை எட்மண்டனிலிருந்து வாங்கியபோது கிங்ஸ் மக்சோர்லியையும் சேர்த்தே வாங்கியது. அப்படிப்பட்ட ஆளின் கண் வீங்கி மூடும்வரை கிளார்க் அடித்தார். எங்கள் பயிற்சியாளர் பாட் பேர்ன்ஸ், முன்னாள் போலீஸ்காரர், எதிரணிப் பயிற்சியாளரைப் பிடிக்கப் பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்தார். ஊரே கொண்டாடியது.

அன்றைக்கு எங்களுக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அப்போது இங்கே வந்திருந்த தமிழ் இளைஞர்களில் பலர் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். மொழி சரியாக வராது. யாராவது ஏசினால் திருப்பிச் சொல்லத் தெரியாது, கேட்பதற்கு ஆளும் இல்லை. வேலைசெய்த இடத்தின் வானொலியில்தான் எனக்கு இந்த விளையாட்டே அறிமுகம். அந்த நிலையில் இருந்தவனுக்கு, தன் ஆளை ஒருவன் தொட்டால் கேட்பதற்கு இன்னொருவன் வருகிறான் என்பது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. சஸ்காச்சுவானின் கெல்விங்டன் என்ற சிற்றூரிலிருந்து வந்த ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை எங்களுக்குச் சொந்தக்காரன் ஆனது அப்படித்தான்.

ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்ததை உங்கள் கடிதம் விட்டுவிட்டது. முதல் சுற்று டிற்றோய்ட் அணியோடு. முதல் இரண்டு ஆட்டத்திலும் நல்ல அடி வாங்கித் தோற்றோம். டிற்றோய்டில் பொப் ப்ரோபர்ட் இருந்தார், அந்தக் காலத்தில் எல்லோரும் பயந்த ஆள். கிளார்க் ஏன் ப்ரோபர்ட்டோடு மோதவில்லை, பயந்துவிட்டாரா என்று பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் கேட்டன. ரசிகர்களும் கேட்டார்கள். அடித்தால் ஐந்து நிமிடம் பெனல்டி பெட்டிக்குள் போய் உட்கார வேண்டும். அணிக்குக் கிளார்க் பனித்தரையில் தேவைப்பட்டார். ஊர் முழுக்கக் கோழை என்று சொல்லும்போது, திருப்பி அடிக்கத் தெரிந்த ஒருவர் அடிக்காமல் ஆடினார். அந்தத் தொடரை ஏழாவது ஆட்டத்தின் ஓவர்டைமில் வென்றோம். கோல் போட்டது நிகொலாய் போர்ஷெவ்ஸ்கி. முதல் ஆட்டத்தில் கண்குழி எலும்பு உடைந்து, முகத்தில் கண்ணாடி மறைப்போடு திரும்பிவந்தவர். அந்தப் பிளேஓஃபை கிளார்க் முடித்தபோது அவர் கணக்கில் 10 கோல், மற்றவர் கோல் போட உதவிய அசிஸ்ட் 10.

கில்மோரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய உடம்பே கிடையாது. இரண்டாம் சுற்றில் சென் லூயிஸ் அணியோடு நடந்த முதல் ஆட்டம் இரண்டாவது ஓவர்டைம் வரை போனது. எதிரணியின் கோலி, அதாவது கோல் காப்பாளர், கேர்டிஸ் ஜோசப் வலையை நோக்கி வந்த அறுபதுக்கும் மேற்பட்ட அடிகளைத் தடுத்து நின்றார். கில்மோர் வலைக்குப் பின்னால் நின்று இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று காட்டிக் காட்டி, திடீரென்று சுற்றிவந்து பக் என்ற அந்த ரப்பர் வட்டை உள்ளே தள்ளினார். ஏறக்குறைய ஆறு வாரத்தில் 21 ஆட்டம். தொடர் போகப் போக அவர் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது, ஆட்டம் மட்டும் குறையவில்லை. கோலும் அசிஸ்டும் சேர்த்து 35 புள்ளி. முரடன் யார் என்று என்னைக் கேட்டால் முதலில் இந்த மெலிந்த மனிதரைத்தான் காட்டுவேன்.

கெரி ஃப்ரேசர் விஷயத்துக்கு வருகிறேன். ஆறாவது ஆட்டம், மே 27, லொஸ் ஏஞ்சலஸில். லீஃப்ஸ் பின்தங்கியிருந்தது. கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கி, கடைசி இரண்டு நிமிடத்துக்குள் கிளார்க் தன் மூன்றாவது கோலைப் போட்டு 4-4 ஆக்கினார். ஓவர்டைம் தொடங்கியதும் கிரெட்ஸ்கியின் ஸ்டிக் கில்மோரின் நாடியில் பட்டு ரத்தம் வந்தது. ஃப்ரேசர் அதைப் பார்க்கவில்லை. துணை நடுவர்களான லைன்ஸ்மன்களைக் கேட்டார், அவர்களும் சொல்லவில்லை. பெனல்டி இல்லை. கொஞ்ச நேரத்தில் அதே கிரெட்ஸ்கி வெற்றிக் கோலைப் போட்டார். இறுதிக்குப் போயிருந்தால் மொன்றியலோடு ஆடியிருப்போம், 1967க்குப் பிறகு கோப்பைக்காக அந்த இரண்டு அணியும் மோதியதே இல்லை. எனக்கும் இன்னும் வலிக்கிறது.

ஆனாலும் அந்த மனிதரை விட்டுவிடுங்கள். அப்போது பனித்தரையில் ஒரே ஒரு ரெஃப்ரி. இந்த மாதிரித் தவறைத் திரும்பப் பார்க்க வீடியோ கிடையாது. தான் தவறவிட்டதைப் பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். அதைவிட, ஏழாவது ஆட்டம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. அதில் கிரெட்ஸ்கி மூன்று கோல் போட்டு 5-4 என்று எங்களை வென்றார். தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டம் அது என்று பின்னர் சொன்னார். ஃப்ரேசரைத் திட்டித் திட்டியே அந்த ஆட்டத்தை நாங்கள் சரியாகப் பார்க்காமல் விட்டோம்.

இப்போதைய ஆட்கள் பஞ்சு என்கிறீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2013இல் பொஸ்டனின் கிரெகரி காம்பல், பக்கைத் தடுத்ததில் கால் எலும்பு முறிந்த பிறகும், ஒற்றைக் காலில் ஏறக்குறைய ஒரு நிமிடம் நின்று, அணி ஓர் ஆள் குறைவாக ஆடிய பெனல்டி நேரத்தைச் சமாளித்தார். அதே ஆண்டு இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தை பத்ரீஸ் பேர்ஜரான் முறிந்த விலா எலும்போடு ஆடினார், நுரையீரலிலும் ஓட்டை விழுந்திருந்தது. 1964 இறுதித் தொடரில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகப்பட்டு, திரும்பிவந்து ஓவர்டைம் கோல் போட்ட லீஃப்ஸின் பொபி போனுக்கு இவர்கள் எந்த விதத்தில் குறைவு?

குறைந்திருப்பது சண்டை. சண்டைக்கென்றே ஆள் வைத்திருந்த வழக்கம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். கிளார்க்குக்கு முஷ்டியோடு நல்ல ஷொட்டும் இருந்தது. முஷ்டி மட்டுமே பிழைப்பாக இருந்தவர்களின் கதை வேறு. நாங்கள் பயந்த அந்த ப்ரோபர்ட் 2010இல் 45 வயதில் இறந்தார். மூளையைப் பரிசோதித்த பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திரும்பத் திரும்பத் தலையில் விழும் அடிகளோடு தொடர்புள்ள சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு டெரெக் பூகார்ட் 28 வயதில், வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்து போனார். அவர் மூளையிலும் அதே சிதைவு. அதே கோடையில் ரிக் ரிப்பியன், பிறகு எங்கள் லீஃப்ஸுக்கு ஆடிய வேட் பேலாக், 35 வயது, இருவரும் இறந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் எழுந்து நின்று கத்திய கூட்டத்தில் நானும் இருந்தேன். அதனால்தான் பழைய பிளேஓஃப் பற்றிப் பேசும் இடத்தில் எல்லாம் இந்தப் பெயர்களையும் நான் சொல்லிவிடுகிறேன், கேட்பவருக்குப் பிடிக்காவிட்டாலும்.

மகளுக்குச் சண்டையிலிருந்து தொடங்கினால் அவள் எழுந்துதான் போவாள், அவளைக் குறைசொல்ல முடியாது. கில்மோர் சுற்றிவந்து போட்ட அந்தக் கோலை முதலில் காட்டுங்கள். பிடித்திருந்தால் லொஸ் ஏஞ்சலஸ் ஆறாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியைப் போடுங்கள். ஃப்ரேசர் பற்றி முன்கூட்டியே எதுவும் சொல்லாதீர்கள், அவளே பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

அன்புடன்.