கேசட்டும் கடமும் கிண்ணமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பா 1980களில் கோயில் கச்சேரிகளைப் பதிந்து வைத்த கேசட்டுகள் பத்து இருக்கின்றன. டேப்ரெக்கார்டரில் போட்டால் பாட்டு இழுத்து இழுத்துக் கேட்கிறது. கேசட் கெட்டுவிட்டதா? செல்போனில் ஏற்ற முடியுமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இழுவைக்குப் பெரும்பாலும் காரணம் பிளேயருக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட். நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். பெல்ட் தளர்ந்தால் மோட்டார் சுற்றும், நாடாவை இழுக்கும் தண்டு சரியாகச் சுற்றாது. சுருதி இறங்கி ஏறும். பழைய பெல்ட் தார் போல உருகி ஒட்டியிருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் முழுக்கத் துடைத்தெடுங்கள். பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட இருபதில் ஒரு பங்கு குறைவான சுற்றளவில் புதிது வாங்குங்கள். மதுரை டவுன்ஹால் ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

நாடாவில் உரசி ஒலியைப் படிக்கும் ஹெட்டையும் அதே ஆல்கஹாலால் துடையுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

இனி கேசட். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதை ஓட்டாதீர்கள். ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். நல்ல கேசட்டைக்கூட முதலில் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றிவிட்டுத்தான் பதிய வேண்டும். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த சுருள் அப்போதுதான் சீராகும். நாடா அறுந்திருந்தால் செல்லோடேப் வேண்டாம், பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் இருக்கிறது. சத்தம் மங்கலாக இருந்தால் நாடாவுக்குப் பின்னால் செம்புத் தகட்டில் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வேண்டாத கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டலாம்.

பஞ்சு இருந்தும் மங்கலாகவே இருக்கிறதா? ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சிறு திருகு இருக்கும். பாட்டை ஓடவிட்டு அதைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் மெல்லத் திருப்புங்கள். ஜால்ரா சத்தம் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். பழைய கச்சேரிப் பதிவுக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை.

போனின் மைக் துளையில் நேரடியாகச் செருகினால் ஒலி பிசிறடிக்கும், ஸ்டீரியோவும் போய்விடும். லைன்-இன் (வெளிக்கருவியின் ஒலியை வாங்கும் துளை) உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி, பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொடுங்கள். ஆடாசிட்டி இலவச மென்பொருள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்பி ஆகும். மிகச் சத்தமான இடத்திலும் ஒலி அளவு -6 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரைச்சல் நீக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். அதிகம் நீக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, போனுக்கு எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் கடம் கற்கிறான். அவன் அக்கா 5 கட்டை சுருதியில் பாடுவாள். மானாமதுரையில் கடம் வாங்கும்போது டியூனர் ஆப் போதுமா?
– வாசகர், சிலைமான்

பதில்: ஆப்பில் 5 கட்டை 'ஜி' என்று வரும். ஆனால் கடைச் சத்தத்தில் ஆப் தடுமாறும். தம்புரா ஆப்பை 5 கட்டையில் வைத்து, ஒரு காதில் மெல்லக் கேட்டபடி தட்டிப் பாருங்கள். கழுத்து, வயிறு என்று பல இடத்தில் தட்டுங்கள். கரகரவென்று அதிர்ந்தால் விரிசல். சூளையில் வெந்த பிறகு சுருதியை உள்ளே களிமண் அப்பிக் கொஞ்சம் இறக்கலாம், அவ்வளவுதான். மானாமதுரைக் கடம் தடிமனானது, கனமானது. நாதம் கணீரென்று இருக்கும், சின்னப் பையனுக்குக் கை வலிக்கும். தூக்கி மடியில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு வீட்டுக் கிண்ணங்களில் ஜலதரங்கம் செய்யலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: தாராளமாக. ஆறு பீங்கான் கிண்ணம், ஓரம் உடையாதது, சிறிதும் பெரிதுமாக எடுங்கள். மோகன ராகத்துக்கு ஐந்தே ஸ்வரம், தொடங்க அதுதான் நல்லது. ஹெர்ட்ஸ் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ 600 என்றால் ரி 675, க 750, ப 900, த 1000, மேல் ஸ 1200. பெரிய கிண்ணம் ஸ, மிகச் சிறியது மேல் ஸ. தண்ணீர் சுருதியை இறக்கத்தான் செய்யும், ஏற்றாது. அதனால் காலியாகத் தட்டும்போது வேண்டியதைவிடச் சற்று அதிகமாகக் காட்டும் கிண்ணத்தையே எடுங்கள். அடியில் ஊற்றும் தண்ணீருக்கு ஸ்வரம் அவ்வளவாக அசையாது. பாதிக்கு மேல் போனதும் ஒவ்வொரு கரண்டிக்கும் இறங்கும். விளிம்புக்கு அருகே சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். பாட்டில் வாயில் ஊதும்போது மட்டும் இது தலைகீழ், தண்ணீர் கூடினால் சுருதி ஏறும். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

கிண்ணத்துக்கு அடியில் மெல்லிய துணி விரித்து, மெல்லிய மூங்கில் குச்சியால் விளிம்பில் தட்டுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் ஆவியாகிச் சுருதி மெல்ல ஏறும். வாசிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் ஸ-விலிருந்து சரிபார்த்து, குறைந்ததை ஊற்றிக்கொள்ளுங்கள்.