வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மேடு தாங்குமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 20 அடி உயரத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். மண் பரிசோதனை அறிக்கையில் உள்ள எண்களைக் காட்டி, மேடு தாங்கும் என்கிறார் இன்ஜினீயர். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, “மண்ணு எந்த வாட்டத்துல கிடக்குன்னு பாத்தீங்களாம்மா?” என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி

பதில்: பெரியவரின் கேள்விக்குப் பதில் தெரியாமல் அந்த அறிக்கையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், அம்மா. எண்கள் பொய்யில்லை. ஆனால் குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுத்த மண்ணை ஒரே வாக்கில் சோதித்து வந்த எண்கள் அவை. மேடு சரியும்போது மண் ஒரே வாக்கில் அறுபடுவதில்லை. உச்சியில் மேலிருந்து அழுந்தி இறங்கும். நடுவில் கிட்டத்தட்டக் கிடையாக நகரும். அடியில் பக்கவாட்டில் நெருக்குண்டு மேலே பிதுங்கும்.

கடலடியில் படிந்த களிமண் மேலிருந்து கீழாக அழுந்தியே இறுகியது. அதனால் திசைக்குத் திசை பலம் மாறும். நார்வேக்காரர்கள் இதைக் கூர்ந்து படித்தவர்கள்; அங்குள்ள மண்பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் லாரிட்ஸ் பியெர்ரும் என்பவர் இதில் முன்னோடி. பிசுபிசுப்புக் குறைந்த களிமண்ணுக்கு அங்கே சொல்லப்படும் விகிதத்தைப் பாருங்கள்: மேலிருந்து அழுத்தும்போது பலம் 100 என்றால், கிடையாக அறுக்கும்போது 63, பக்கவாட்டில் நெருக்கும்போது வெறும் 35. உச்சிக்குரிய எண்ணை மேடு முழுக்கப் போட்டால் இல்லாத பலத்தை நம்பி ஏமாறுவோம்.

உங்கள் ஊர் மண்ணின் கதை வேறு. அது எங்கிருந்தோ வந்து படிந்ததல்ல. சார்னோகைட் பாறை நின்ற இடத்திலேயே மக்கி மண்ணானது. பாறை போனாலும் அதன் பழைய விரிசல்கள் மண்ணுக்குள் அப்படியே இருக்கும். வெட்டிய முகத்தைக் காலை வெயிலில் பாருங்கள். செம்மண்ணுக்கு நடுவே சாய்வாகக் கறுத்த கோடு ஓடினால், கொத்துக்கரண்டியை அதில் நுழைத்து இலேசாக நெம்புங்கள். மண் பொலபொலவென்று உதிராமல் தட்டையாகக் கழன்று வரும். கழன்ற முகத்தில் மாங்கனீசுக் கறை கறுப்பாகப் படிந்திருக்கும். மெல்லிய களிப்பூச்சு விரலுக்கு வழவழக்கும். குறுக்கே கொத்தினால் கடப்பாரைக்கே சவால்விடும் அதே மண், இந்தக் கோட்டின் வழியே சுலபமாக வழுக்கிவிடும். குழாயில் எடுத்த மாதிரியில் இந்தக் கோடு சிக்காமலே போயிருக்கலாம்.

கோடு மலைக்குள்ளே சாய்ந்தால் ஓரளவு நிம்மதி. வீட்டைப் பார்த்துச் சாய்ந்து, அதன் கீழ்முனை வெட்டிய முகத்திலேயே வெளியே தெரிந்தால் ஆபத்து. மேலே இருக்கும் மண்ணுக்கு முட்டுக்கொடுத்த பகுதியைத்தான் வெட்டி எடுத்துவிட்டார்களே! மழைநீர் அந்தக் கோட்டில் தேங்கினால் அழுத்தம் ஏறி, மிச்ச உராய்வும் குறையும்.

இத்தாலியின் வயோந்த் அணையில் 1963 அக்டோபர் 9 அன்று நடந்ததும் இந்த வகைதான். நீர்த்தேக்கத்தை நோக்கிச் சாய்ந்த சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு இடையே மெல்லிய களிமண் படலங்கள் இருந்தன. மலைச்சரிவே அவற்றின் மேல் வழுக்கித் தண்ணீரில் விழ, எழுந்த அலையில் ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். நீலகிரியிலும் 2009 நவம்பர் மழைச் சரிவுகளில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இன்ஜினீயரிடம் சண்டை வேண்டாம். மூன்று வேலை கேளுங்கள். காம்பஸ் வைத்து அந்தக் கோடுகளின் சாய்வையும் திசையையும் அளக்கட்டும். கோடு நடுவில் வரும்படி மண்ணைக் கட்டியாக வெட்டியெடுத்து, நீரில் ஊறவைத்து, அந்தக் கோட்டின் வழியாகவே ஷியர் பாக்ஸ் என்ற அறுப்புச் சோதனைப் பெட்டியில் அறுத்துப் பார்க்கட்டும். வட்டமான சரிவுப் பாதைக்கு மட்டும் கணக்குப் போடாமல், இந்தத் தட்டையான பாதைக்கும் போடட்டும்.

அதுவரை மேட்டுக்கு மேலே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். சுவர் கட்டுவதானால் பின்னால் வடிகால் ஜல்லியும் சுவரில் நீர்போக்குத் துளைகளும் கட்டாயம். மேட்டின் தலையில் புது வெடிப்புத் தெரிந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அடைமழை நாளில் பின்கட்டு அறையில் யாரும் படுக்க வேண்டாம்.