டியூப்லைட்டை அணையுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

மலையடிவார ரயில் நிலையம் ஒன்றில் நடக்கும் சித்திரக்கதையை வரைந்துவருகிறேன். நிலையத்தை அட்டையில் சிறிதாகச் செய்து, படமெடுத்து, அதைப் பார்த்து வரைகிறேன். நண்பர்கள் இதைத் திருட்டு என்கிறார்கள். நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றை மட்டும் பயன்படுத்துவது கஞ்சத்தனமாம். எந்த மென்பொருள் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள். ஏழாம் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

ச., தென்காசி

அன்புள்ள ச.,

உங்கள் ஏழாம் பக்கம் மூன்று நாட்களாக என் மேசையில் இருக்கிறது. மென்பொருள் கேள்வியை விடுங்கள். கையில் இருப்பது போதும்.

திருட்டு என்ற சொல் என்னைக் கோபப்படுத்துகிறது. தன் சித்திரக்கதை நாயகன் டின்டினை நிலவுக்கு அனுப்பும் முன், பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே அந்த ராக்கெட்டின் மாதிரியைச் செய்யவைத்தார். பகுதி பகுதியாகக் கழற்றினால் உள்ளே எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். அதைப் பாரிஸுக்கு எடுத்துப்போய் விண்வெளிப் பயண நிபுணர் அலெக்சாந்தர் அனனோஃபிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். ஹெர்ஜேயின் ஸ்டூடியோ ஓவியர்கள் அதைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். யாரிடமிருந்து திருடினார்கள்? உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்ல உங்களுக்கு ஏன் தயக்கம்?

பல ஆண்டுகளுக்கு முன் பாட்டி வீட்டைப் பற்றி நான்கு பக்கம் வரைந்தேன். மாலை நான்கு மணி, திண்ணையில் பாட்டி, முகத்தில் வெயில். அப்படித்தான் நினைவில் இருந்தது. தூண்கள் சரியாக வரவில்லை என்பதற்காக அட்டையில் வீட்டைச் செய்தேன், தூணுக்குத் தீக்குச்சி. மேற்கே மேசை விளக்கை வைத்தேன். வீடு கிழக்குப் பார்த்தது. திண்ணை முழுக்க நிழல்! வெளிச்சம் கொல்லை வாசலில் நுழைந்து, முற்றத்தைத் தாண்டி, ரேழி வழியாக வாசற்படி வரை ஒரு பட்டையாக மட்டும் வந்தது. பாட்டியை அந்தப் படியில் உட்காரவைத்தேன். முகம் இருட்டில். நரைமுடியின் ஓரத்தில் மட்டும் ஒளி. இத்தனை வருடம் என் நினைவு என்னிடம் பொய் சொல்லியிருந்தது.

அந்தப் பக்கத்துக்கு இரண்டே வண்ணங்கள் தேவைப்பட்டன. நிழலுக்கு நீலம், வெளிச்சத்துக்கு மஞ்சள். நரைக்குக் காகிதத்தின் வெள்ளையையே விட்டுவிட்டேன். வண்ணத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் முடிவெடுக்கவே இல்லை. நிழல் எங்கே நிற்கிறது என்று தெரிந்ததும் மற்ற வண்ணங்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

பழைய அமெரிக்கக் காமிக்ஸ்களுக்குக் கறுப்பைத் தவிர மூன்றே மைகள். ஒவ்வொன்றும் கால், அரை, முழு அடர்த்தியில் அல்லது இல்லாமலே. கணக்குப் போட்டால் 64 வண்ணங்கள், அவ்வளவுதான். 1962-இல் ஹல்க் என்ற ராட்சத நாயகன் தன் முதல் இதழில் சாம்பல் நிறத்தில் வந்தான். அச்சில் அந்தச் சாம்பல் ஒரே சீராக நிற்கவில்லை. அடுத்த இதழில் பச்சையாக்கினார்கள். அச்சு தாங்கிய அந்தப் பச்சைதான் இன்று நமக்கு ஹல்க்.

இனி உங்களைத் திட்ட வேண்டும். மூன்று வண்ணங்களை எடுத்துக்கொண்டு மூன்றையும் எல்லாவற்றின் மீதும் பூசியிருக்கிறீர்கள். வானமும் நீலம், சேலையும் நீலம், தண்டவாளமும் நீலம். ஐந்தாம் கட்டத்தில் சிவப்புக் கொடி உயர்கிறது. கதை திரும்பும் இடம் அது. ஆனால் ஸ்டேஷன் மாஸ்டரின் கன்னம், கூரை ஓடு, பெஞ்ச் எல்லாம் ஏற்கெனவே சிவப்பு. கொடி கண்ணிலேயே படவில்லை. இவ்வளவு பொறுமையாக அந்த நிலையத்தைக் கட்டியவர் இதை எப்படிச் செய்யலாம்?

காரணம் உங்கள் புகைப்படத்திலேயே இருக்கிறது. தலைக்கு மேல் டியூப்லைட். பெஞ்சுக்கு அடியில்கூட நிழல் இல்லை. தூணின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வெளுத்திருக்கின்றன. நிழல் தராத மாதிரியை வைத்து வரைந்ததால், ஒவ்வொரு பொருளையும் பிரித்துக் காட்ட வண்ணத்தைத் தேடி ஓடியிருக்கிறீர்கள்.

இன்று இரவு விளக்கை அணையுங்கள். உங்கள் கதையில் ரயில் வருவது காலையில். அட்டை நிலையத்தின் கிழக்கே, தரையோடு ஒட்டி ஒரு டார்ச்சை வையுங்கள். பெஞ்சின் நிழல் தண்டவாளம் வரை போகிறதா, தூணிலேயே நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். அந்த நிழலுக்கு மட்டும் நீலம். சிவப்பு அந்தக் கொடிக்கு மட்டும். ஏழாம் பக்கத்தை மறுபடி வரைந்து அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்