புல்லட் விற்ற கணக்கு

அன்புள்ள அண்ணா,
என் பழைய புல்லட்டைப் போன வாரம் விற்றேன். 90,000-க்குக் கீழே கொடுப்பதில்லை என்று இருந்தேன், 1,20,000 வந்தால் தேவலை என்று ஓர் ஆசை. 1,08,000-க்குப் படிந்தது. மனைவி "18,000 கூட வந்திருக்கே" என்கிறாள். எனக்கு 12,000 பறிபோன மாதிரியே இருக்கிறது. எனக்குப் பேரம் பேசத் தெரியவில்லையா?
ர., ஈரோடு

அன்புள்ள ர.,

தெரிந்ததால்தான் இந்த வயிற்றெரிச்சல். 90,000-ஐ மட்டும் மனதில் வைத்துப் பேசியிருந்தால் 95-க்கே சாவியைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக டீ குடிக்கப் போயிருப்பீர்கள். ஆடம் கலின்ஸ்கி என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 2002-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆசைப்பட்ட விலையையே நினைத்துக்கொண்டு பேசியவர்களுக்குப் பணம் அதிகம் கிடைத்தது, ஆனால் திருப்தி குறைவு. இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற எல்லையை நினைத்தவர்கள் குறைவாக வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். பேரம் முடிந்த பிறகு அந்தக் கீழ் எல்லையை நினைத்துப் பார்க்கச் சொன்னால் முதல் கூட்டத்தின் மனக்குறையும் போய்விட்டதாம். உங்கள் மனைவி செய்வது அதைத்தான், அவர் எந்த ஆராய்ச்சியும் படிக்காமலே.

எனக்கு நடந்தது இன்னும் மோசம். வாடகைக்கு வீடு பார்க்கப் போய், பேசி ஏற்றலாம் என்று 12,000 சொன்னேன், வீட்டுக்காரர் "சரி, சாவியை வாங்கிக்கோங்க" என்றார். படியிறங்கும்போதே வயிற்றைப் பிசைந்தது, பத்து சொல்லியிருக்கலாமே! பக்கத்து போர்ஷன்காரர் பதின்மூன்று கொடுக்கிறார் என்று தெரிந்த பிறகும் அது தீரவில்லை. வீட்டுக்காரர் ஒரு பத்து நிமிஷம் முறுக்கிக்கொண்டு அப்புறம் 12,500-க்கு இறங்கியிருந்தால் ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பேன்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பார்த்திருப்பீர்கள். பக்கத்து மாடு எவ்வளவுக்குப் போனது என்று தெரியாமல் வீட்டுக்குப் போவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அதனால் ஓஎல்எக்ஸில் அதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று இனித் தேடாதீர்கள்.

அதை விடுங்கள், பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களா, வண்டியை வாங்கியவர் பெயருக்கு ஆர்சி மாறிவிட்டதா? நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் எங்காவது இடித்துவிட்டு வந்தால் ஆர்சியில் பெயர் உள்ள உங்களைத்தான் தேடி வருவார்கள்.